டயாலிசிஸ் நடக்கும்போதே ஆதரவு சிகிச்சை பெறலாமா?

கேள்வி: 76 வயதான என் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. இதயமும் பலவீனம், பாதியிலேயே ரத்த அழுத்தம் இறங்கித் துவண்டுவிடுகிறார். சிறுநீரக மருத்துவர் ‘பாலியேட்டிவ் கேர்’ எனும் ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தந்திருக்கிறார். கைவிட்டுவிட்டார்கள் என்கிறார் அண்ணன். அம்மாவிடம் என்ன சொல்வது?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அந்தக் கடிதத்தால் டயாலிசிஸ் நின்றுவிடாது என்பதை முதலில் அண்ணனுக்கு விளக்குங்கள். சிறுநீரக மருத்துவர் தொடர்ந்து பார்ப்பார். வலி, மூச்சுத்திணறல், குமட்டல், இரவெல்லாம் தூங்கவிடாத அரிப்பு ஆகியவற்றைக் கவனிக்க இன்னொரு குழுவும் அவருடன் சேரும். பல குடும்பங்களுக்கு இந்தக் கடிதம் ஐ.சி.யூ. வாசலில்தான் கிடைக்கிறது. அம்மா தெளிவாகப் பேசும்போதே எழுதித் தந்த மருத்துவர் நல்லதைத்தான் செய்திருக்கிறார்.

முதுகெல்லாம் தழும்பாகும்வரை சொறிந்துகொள்ளும் நோயாளிகள் இதற்கும் மருந்து உண்டென்று அறியாமலேயே இருந்துவிடுகிறார்கள். நரம்பு வலிக்கான காபாபென்டினை மிகக் குறைந்த அளவில், டயாலிசிஸ் முடிந்தபின் கொடுத்தால் பலருக்கு அரிப்பு அடங்குகிறது. வலிக்கு மார்ஃபின் கொடுத்தால், அதன் கழிவுகள் செயலிழந்த சிறுநீரகத்தால் வெளியேறாமல் உடலில் தேங்கி மயக்கத்தையும் தசைத் துடிப்பையும் உண்டாக்கலாம் என்பதால், ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் போன்றவற்றையே மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். மருந்துக்கடையில் நீங்களாக டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வாங்கித் தர வேண்டாம்.

அம்மாவிடம் எதையும் சொல்வதற்கு முன், அவரைக் கேளுங்கள்: டயாலிசிஸ் நாளில் எது அதிகம் வாட்டுகிறது, மறுபடி ஐ.சி.யூ.வில் சேர்க்கச் சம்மதமா, கடைசிக் காலத்தில் எங்கே இருக்க ஆசை? சிகிச்சை குறித்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் வழிவகுத்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும்.

டயாலிசிஸ் போதும் என்று அவரே ஒருநாள் சொன்னால், அதைப் பாவமென்று எண்ணி அடக்கிவிடாதீர்கள். நிறுத்தியபின் பெரும்பாலோர் ஓரிரு வாரங்களே இருப்பார்கள். சிறுநீர் ஓரளவு பிரிபவர்கள் கூடுதலாக இருக்கலாம். அந்நாட்களில் மூச்சுத்திணறலையும் குமட்டலையும் மருந்தால் தணிக்க முடியும். அம்மாவின் உயிரைப் பறிப்பது நோய். அவர் விருப்பத்துக்கு இணங்கிய பிள்ளைகள் அல்ல.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். முதல் சந்திப்புக்கு மருந்துச் சீட்டுகளோடு அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். தன் சந்தேகத்தை அவரே மருத்துவரிடம் நேராகக் கேட்கட்டும்.