மழை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

கேள்வி: அடைமழை பிடித்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடுகிறார்கள். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. மாடிப் போர்ஷன், இரண்டே அறை. சென்னை மாதிரி மால், விளையாட்டுக்கூடம் என்று போக இங்கே வழியில்லை. நாள் முழுக்க செல்போன்தான். இந்தச் சின்ன ஊரில் மழை நாளில் பிள்ளைகளை எங்கேதான் கூட்டிப்போவது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: எங்கேயும் கூட்டிப்போகாதீர்கள். பிள்ளைகள் தெருவில் இறங்க வேண்டாம் என்றுதான் அன்றைக்கு விடுமுறையே விடுகிறார்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் வானிலைத் துறைக் கணக்கில் அது கனமழை, 115.6லிருந்து மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. அந்த மாதிரி நாளில் எது ரோடு, எது மூடி இல்லாத சாக்கடை என்று தண்ணீருக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஸ்கூட்டரில் உட்காரவைத்து வேடிக்கை காட்டப் போகிற நாளில்லை அது.

இரண்டு அறை போதும். வரிசைதான் முக்கியம். எழுந்ததும் கலர் பென்சிலைக் கையில் கொடுத்து உட்காரவைக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் தூக்கி எறிந்துவிட்டுப் போனைக் கேட்கிறார்கள். ஓடாத உடம்பு உட்காராது. முதலில் உடம்புக்கு வேலை, பிறகு கைக்கு, கடைசியில்தான் கதையும் படமும்.

காலையில் அரை மணி நேரம் பாயையும் மெத்தையையும் தரையில் விரித்துவிடுங்கள். குட்டிக்கரணம், தவளைத் தாவல், சாக்பீஸில் கட்டம் போட்டுப் பாண்டி. டைல்ஸ் தரையானால் சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான் பிடிக்கும். வாசலில் ஒரு கோணிச்சாக்கு போட்டு வையுங்கள். மழை நாளில் வீட்டுக்குள் விழுகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஈரக்காலோடு ஓடித்தான் விழுகிறார்கள்.

அடுத்து கைவேலை. தஞ்சாவூரில் இருந்துகொண்டு தலையாட்டிப் பொம்மையை விடலாமா? தள்ளினாலும் எழுந்து நிற்கிற ராஜா ராணியை வீட்டிலேயே செய்யலாம். முந்தின இரவே ஒரு முட்டையின் கூர்முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளிருப்பதை ஊற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மழைக்காலத்தில் ஓடு காய ஓர் இரவாவது வேண்டும். காலையில், கிண்ணத்தில் அரிசி கொட்டி, ஓட்டை போட்ட பக்கம் மேலே இருக்க முட்டையை அதில் நேராக நிறுத்துங்கள். உள்ளே இரண்டு டீஸ்பூன் காய்ந்த மணல். மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் அந்த டப்பாவை வைத்து உருக்கி, சற்று ஆறியதும் மணல் மூழ்கும்வரை ஊற்றுங்கள். இதைப் பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டால் இறுகிவிடும்.

மூன்று இடத்தில் தவறும். மெழுகு முட்டையின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. பாதியைத் தாண்டினால் கனம் மேலே ஏறிவிடும், பொம்மை படுத்தால் எழுந்திருக்காது. மெழுகுக்குப் பதில் களிமண் வைத்தால் காய்ந்ததும் சுருங்கிக் கழன்று உள்ளே உருளும். இறுகும்போது முட்டை சாய்ந்திருந்தால் ராஜா எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்பார். கிரீடம் காகிதத்தில் இருக்கட்டும். மகன் அதன்மேல் பொத்தான் ஒட்டிப் பார்ப்பான், பொம்மை விழும். எத்தனையாவது பொத்தானில் விழுகிறது என்று அவனே எண்ணட்டும். மகள் கையில் முட்டை ஓடு நொறுங்கிவிடும். அவளுக்குப் பாதிக் கொட்டாங்குச்சியின் உள்பக்க அடியில் களிமண்ணை அப்பி, ஒரு காகிதப் பொம்மையைக் குத்திக் கொடுங்கள். அதுவும் ஆடும்.

மாவு பிசைவது இருவருக்கும் ஆகும். ஒரு கப் மைதா, கால் கப் தூள் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய். தண்ணீரைச் சிறிது சிறிதாக, அரை கப்புக்கு உள்ளே. அரை கப் உப்பு என்று சொல்வார்கள், கெடாமல் இருக்க. மழைக்காலத்தில் அது சரிப்படாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மாவு கையெல்லாம் ஒட்டும். உப்பைக் குறைத்துக்கொண்டு இரண்டே நாளில் தூக்கிப்போடுங்கள், இரவில் மூடி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த உப்பு குழந்தைக்கு ஆகாது.

கப்பலுக்குச் செய்தித்தாள் உதவாது, ஊறி உட்கார்ந்துவிடும். மாதக் காலண்டர் தாளின் இரு பக்கமும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு மடியுங்கள். பக்கெட்டில் மிதக்கவிட்டு ஒவ்வொரு புளியங்கொட்டையாக ஏற்றினால் அவனுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது. முட்டை அட்டையில் 14 குழி இருந்தால் பல்லாங்குழியும் ஆயிற்று. முதலில் குழிக்கு 4 கொட்டை போதும். ஆனால் மூன்று வயது மகள் பக்கத்தில் இருக்கும்போது கொட்டை, கடலை எதுவும் வெளியே வரக்கூடாது. மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்கிற வயது. அவளுக்கு எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய பொருள் எதையும் கொடுக்காதீர்கள். பக்கெட் தண்ணீரையும் விளையாட்டு முடிந்த கையோடு கொட்டிவிடுங்கள்.

மழையையே அளக்கவும் சொல்லிக்கொடுக்கலாம். மேலிருந்து அடிவரை ஒரே அகலமான பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதிலேயே செருகுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறியுங்கள். பலர் இதை விட்டுவிட்டு அளவு தப்பாக வருகிறது என்கிறார்கள். மேலே மில்லிமீட்டர் ஸ்கேலை ஒட்டி, மரம், சுவர் மறைக்காத இடத்தில் செங்கல் அண்டை கொடுத்து வையுங்கள். வானிலைத் துறை அளப்பது காலை 8.30க்கு, நீங்களும் அப்போதே பாருங்கள். இடி மின்னல் இருந்தால் மொட்டை மாடிக்குப் போக வேண்டாம், ஓய்ந்தபின் பார்த்தால் போதும். மகன் காலண்டரில் எழுதி, மறுநாள் பேப்பரில் வரும் மழையளவோடு ஒப்பிடட்டும். அளந்ததும் பூஜ்யக் கோடுவரை கொட்டிவிடுங்கள். மழை விட்ட நாட்களில் முழுக்கவே கவிழ்த்துவிட வேண்டும், டெங்குக் கொசு நல்ல தண்ணீரிலும் முட்டையிடும்.

வெறும் தூறல் நாளாக இருந்து வெளியே போயே ஆகவேண்டுமானால், அரண்மனைக்குக் கூட்டிப்போங்கள். தரங்கம்பாடிக் கடற்கரையில் 1955இல் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. சிலைகளையெல்லாம் அன்றே காட்டிமுடிக்க வேண்டாம். மகன் தலையிலிருந்து வால்வரை காலடி வைத்து எண்ணட்டும், அந்தக் கணக்கை வீட்டுத் தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு அறையும் போதாமல் கோடு வாசலுக்கு வெளியே போகும்.