முதல் பிரிட்ஜ் டோர்னமென்ட்: பேர்ஸா, டீம்ஸா?

கேள்வி: நானும் என் மச்சினரும் கோவையில் இருக்கிறோம், இருவருமே வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒன்றரை வருடமாக மொபைலில், பிபிஓ (பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்) தளத்தில் பிரிட்ஜ் ஆடுகிறோம். மேஜையில் உட்கார்ந்து ஒரு போட்டிகூட ஆடியதில்லை. இப்போது இரண்டு பழைய ஆட்டக்காரர்கள், வரப்போகும் ஒரு இரண்டு நாள் போட்டிக்குத் தங்கள் டீமில் எங்களைச் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா, இல்லை பேர்ஸ், அதாவது நாங்கள் இருவர் மட்டும் ஜோடியாக, ஆடினால் போதுமா? என்ன தயார் செய்ய வேண்டும்? இந்த மாதிரிப் போட்டிகள் எப்போது, எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி? பணம் கட்டிச் சீட்டாடப் போவதா என்று வீட்டில் முணுமுணுப்பு வேறு.

பதில்: முணுமுணுப்பை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது தீராமல் மற்றது எதுவும் நடக்காது. 1968-இல் ரம்மி பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம்தான், அதில் இருக்கும் அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது இருக்கிற அதிர்ஷ்டம் போன்றதுதான் என்று சொன்னது. அதாவது திறமைக்கு உதாரணம் சொல்ல நீதிமன்றமே பிரிட்ஜைத்தான் எடுத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, அவருடைய பார்ட்னர் ஷிப்நாத் சர்க்காருக்கு 56. 2023-இல் ஹாங்சோவில் நம் ஆண்கள் டீமுக்கு வெள்ளி. உங்கள் வயதில் ஆசிய விளையாட்டுப் பதக்கத்துக்கு வேறு எந்த ஆட்டத்தில் வாய்ப்பு இருக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் மேஜைமேல் வைக்கும் பந்தயப் பணம் அல்ல. ஹால், சீட்டு, டைரக்டருக்கான (போட்டி நடுவர்) செலவு, பரிசு எல்லாம் அதிலிருந்துதான் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டியில் ஆடுவது டூப்ளிகேட். ஒரு தடவை போட்ட சீட்டு அப்படியே போர்டில் (நான்கு கையையும் தனித்தனியாக வைக்கும் தட்டில்) செருகப்பட்டு அடுத்த மேஜைக்குப் போகிறது, உங்கள் கைக்கு வந்த அதே பதின்மூன்று சீட்டு உங்கள் திசையில் உட்காரும் எல்லோருக்கும் வருகிறது. "எனக்குச் சீட்டே வரலை" என்ற நம்முடைய பழைய சாக்கு இங்கே செல்லாது.

சரி, பேர்ஸா டீம்ஸா. கணக்கைப் பார்த்தால் டீம்ஸ்தான் உங்களுக்கு லகுவானது, மனிதர்களைப் பார்த்தால் பேர்ஸ்தான் நல்லது. இதை ஒரே ஒரு கையை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் வல்னரபிள் (பரிசும் தண்டமும் கூடுதலாக இருக்கும் நிலை), 3 நோ டிரம்ப் ஆடுகிறீர்கள், அதாவது துருப்பு இல்லாமல் ஒன்பது ட்ரிக் (பிடி) எடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எதிராளி ஸ்பேட் லீட் செய்து (முதல் சீட்டாகப் போட்டு) உங்கள் ஸ்பேட் ஏஸைப் பிடுங்கிவிட்டார், இனி ஸ்பேடில் உங்களிடம் தடுப்பு இல்லை, அவரிடம் இன்னும் நான்கு ஸ்பேட் நல்ல சீட்டாகக் காத்திருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் ஒன்பது ட்ரிக் உங்கள் கையில் இருக்கிறது, எண்ணி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். டம்மியில், அதாவது மேஜையில் விரித்து வைத்த பார்ட்னர் கையில், டயமண்ட் ஏஸும் ராணியும் இருக்கின்றன. ராஜா உங்கள் இடது பக்கம் இருந்தால் ராணியை ஃபினெஸ் செய்து (ஏஸைப் போடாமல் ராணியைப் போட்டுப் பார்த்து) பத்தாவது ட்ரிக்கும் கிடைக்கும். வலது பக்கம் இருந்தால்? அவர் ராஜாவால் அடித்து ஸ்பேடைத் திருப்புவார், நான்கு ஸ்பேடும் ஓடும், மொத்தம் ஐந்து ட்ரிக் போய் நீங்கள் ஒன்று டவுன், சொன்னதற்கு ஒன்று குறைவு.

ஒன்பது எடுத்தால் 600, பத்து எடுத்தால் 630, டவுன் ஆனால் மைனஸ் 100. இது வரை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

டீம்ஸில் உங்கள் டீமின் இன்னொரு ஜோடி, இன்னொரு மேஜையில், இதே போர்டை எதிர்த் திசையில் உட்கார்ந்து ஆடும். இரண்டு மேஜை ஸ்கோருக்கும் உள்ள வித்தியாசத்தை இம்ப் ஆக மாற்றுவார்கள். 30 புள்ளி வித்தியாசம் என்றால் 1 இம்ப், 700 வித்தியாசம் என்றால் 12 இம்ப். அந்த ஃபினெஸ் பலித்தால் 1 கிடைக்கும், பலிக்காவிட்டால் 12 போகும். யோசிக்கவே வேண்டாம், ஒன்பதை எடுத்துக்கொண்டு அடுத்த போர்டுக்குப் போய்விட வேண்டும்.

பேர்ஸில் கதை வேறு. ஒன்பது மேஜை இருக்கிறது, உங்கள் திசையில் ஒன்பது ஜோடி இதே போர்டை ஆடுகிறது என்று வையுங்கள். நீங்கள் முந்திய ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமாக நின்ற ஜோடிக்கு 1, ஆக அதிகபட்சம் 16. மற்ற எட்டு ஜோடியில் ஐந்து பேர் 630 எடுத்திருக்கிறார்கள், இரண்டு பேர் 600, ஒருவர் டவுன். நீங்கள் 600 எடுத்தால் உங்களுக்கு 16-க்கு 4. அதே 630 எடுத்திருந்தால் 11. வெறும் 30 புள்ளிக்கு இவ்வளவு தூரம்! டீம்ஸில் ஒரு இம்ப்போடு போகிற பத்தாவது ட்ரிக், பேர்ஸில் முழுப் போர்டையே தூக்கி நிறுத்துகிறது. அதனால் அந்த ஃபினெஸை எடுக்கலாமா என்பது பேர்ஸில் நியாயமான கேள்வி. எனக்கே இன்றும் அது சட்டென்று பிடிபடுவதில்லை, மேஜையில் யோசித்துக்கொண்டு உட்கார்ந்து டைரக்டரிடம் "நேரமாச்சு" என்று வாங்கியிருக்கிறேன்.

இதனால்தான் கணக்குப்படி டீம்ஸ் லகு என்றேன்: காண்ட்ராக்ட்டை (எடுப்பதாகச் சொன்ன ட்ரிக்கை) எடு, எதிராளி காண்ட்ராக்ட்டை உடை, அவ்வளவுதான். ஸ்விஸ் லீக் முறையென்றால் இன்னும் வசதி, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருக்கிற டீம்களை மோத விடுவார்கள், இரண்டு சுற்று தோற்றால் மூன்றாவதில் உங்களைப் போன்றவர்களே எதிரே வந்து உட்காருவார்கள்.

ஆனால் ஒரு மேட்ச் முடிந்ததும் நான்கு பேரும் ஓரமாகக் கூடி ஸ்கோர் ஒப்பிடுவீர்கள். "போர்டு ஏழு, மைனஸ் 100" என்று நீங்கள் மெல்லச் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து "நாங்க மைனஸ் 600" என்று பதில் வர, நடுவில் ஒரு மௌனம் வரும் பாருங்கள், பரீட்சை மார்க் சொன்ன வீடு மாதிரி இருக்கும். பேர்ஸில் அந்தத் தொல்லை இல்லை, நாசம் செய்தாலும் ஒரு போர்டோடு போயிற்று, கேள்வி கேட்க உங்கள் மச்சினர் மட்டும்தான். (அவரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், குடும்ப விஷயம்.)

ஆகவே என் யோசனை இது: அழைத்த இருவரிடமும் நேராகவே, "நாங்கள் மேஜையில் ஆடியதே இல்லை, முதல் நாள் தப்பு வரும், பரவாயில்லையா?" என்று கேளுங்கள். உடனே சிரித்துக்கொண்டு வாங்க என்றால், ஸ்விஸ் லீக்காகவும் இருந்தால், சேருங்கள். கொஞ்சம் இழுத்தார்கள் என்றால் டீமை விட்டுவிட்டு பேர்ஸ் ஆடுங்கள், அடுத்த தடவை அவர்களோடு சேரலாம். நாக் அவுட் டீம் போட்டிக்கு இப்போது போகவே வேண்டாம். காலையில் போய் மதியம் வெளியே வந்து நிற்பதற்கு அவ்வளவு தூரம் போவானேன்.

இனி தயாரிப்பு. உங்களுக்குச் சீட்டு ஆடத் தெரியும், மேஜைதான் தெரியாது. மொபைலில், லீட் செய்த இனம் கையில் இருக்கும்போது வேறு இனச் சீட்டைத் தவறாகத் தொட்டால் அது எடுக்கவே எடுக்காது, உங்கள் முறை வராமல் ஆடவும் விடாது, எத்தனை ட்ரிக் என்று அதுவே எண்ணிக்கொள்ளும். மேஜையில் இவை எல்லாம் உங்கள் பொறுப்பு. என் முதல் போட்டியில் கையில் ஹார்ட் ஒன்று டயமண்டுக்குள் ஒளிந்திருந்ததைக் கவனிக்காமல் ரிவோக் செய்தேன் (இனம் இருந்தும் வேறு இனம் போட்டேன்), இரண்டு ட்ரிக் தண்டம் கட்டினேன், அதற்குப் பிறகு இன்று வரை சிவப்பு இரண்டையும் அடுத்தடுத்து அடுக்குவதில்லை, நடுவே ஒரு கறுப்பு நிச்சயம்.

போர்டிலிருந்து சீட்டை எடுத்ததும் முகத்தைப் பார்க்கும் முன் கவிழ்த்தபடியே பதின்மூன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். பன்னிரண்டு இருந்தால் அப்போதே சொல்லிவிடலாம், பிடிங் (ஏலம்) நடந்த பிறகு சொன்னால் போர்டே கெட்டுப்போகும். வாயால் பிட் சொல்லக் கூடாது, பிடிங் பாக்ஸிலிருந்து அட்டையை எடுத்து வைக்க வேண்டும், பச்சை பாஸ், சிவப்பு டபுள், நீலம் ரீடபுள். முதல் லீடைக் கவிழ்த்து வையுங்கள்: தப்பான ஆள் லீட் செய்திருந்தால் யாராவது சொல்லிவிடுவார்கள், சேதமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிமிர்த்தி வைத்துவிட்டீர்கள் என்றால் டிக்ளேரருக்கு (காண்ட்ராக்ட்டை ஆடுபவருக்கு) ஐந்து வழி திறக்கிறது, ஐந்துமே பொதுவாக உங்களுக்கு நல்லதல்ல. ஆடிய சீட்டை நடுவில் எறியாதீர்கள், உங்கள் முன்னேயே காட்டி வைத்து, ட்ரிக் முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள், ஜெயித்த ட்ரிக் நீளவாக்கில், தோற்றது குறுக்கே. 304 சீட்டாட்டம் ஆடிப் பழகிய கை நடுவில்தான் எறியப் பார்க்கும்.

பிபிஓ-வில் ஆடியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அலர்ட், அதாவது ஒரு பிட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு என்று எதிராளிக்குத் தெரிவிப்பது. அங்கே நீங்கள் செய்த பிட்டுக்கு நீங்களே விளக்கம் தட்டச்சு செய்வீர்கள், பார்ட்னருக்குத் தெரியாது. மேஜையில் தலைகீழ்: நீங்கள் பிட் செய்தால் மச்சினர்தான் அலர்ட் அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும், எதிராளி கேட்டால் அவர்தான் விளக்க வேண்டும். அவர் தப்பாக விளக்கினாலும் நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது, பிடிங் நடக்கும்போது திருத்தவும் கூடாது, காண்ட்ராக்ட் எதிராளியுடையது என்றால் ஆட்டம் முடியும் வரை கூடாது. முகத்தை வைத்துக்கொள்வது இந்த ஆட்டத்தில் பெரிய வேலை. 304-இல் கண்ணைச் சிமிட்டி, தொண்டையைக் கனைத்து பார்ட்னருக்குச் சேதி சொன்ன பழக்கம் இருந்தால் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் நெடுநேரம் யோசித்து பாஸ் வைத்தால் அந்தத் தயக்கமே ஒரு சேதி, அதைப் பயன்படுத்தி மச்சினர் பிட் செய்தால் டைரக்டர் ஸ்கோரை மாற்ற முடியும்.

இதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 2015-இல் உலக டீம் சாம்பியன்ஷிப் சென்னையில்தான் நடந்தது. ஜாடைக் குற்றச்சாட்டு வெடித்து, போட்டி தொடங்கும் முன்பே இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ டீம்கள் விலகிக்கொண்டன. ஒரு ஜோடியின் மேல் இருந்த குற்றச்சாட்டு, மேஜையில் போர்டை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதையே குறியாகப் பயன்படுத்தினார்கள் என்பது! போலந்தும் ஒரு ஜோடியை இழந்து, மீதி இரண்டு ஜோடியை வைத்தே பெர்முடா பௌல் கோப்பையைக் கொண்டுபோனது.

சிஸ்டம் கார்டு (உங்கள் பிட்டுகளுக்கு என்ன அர்த்தம் என்று எழுதும் அட்டை) இரண்டு பிரதி நிரப்பி எடுத்துப் போங்கள், ஆளுக்கு ஒன்று, இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மொபைலில் ரோபோவோடு ஆடிப் பழகியதால் உங்கள் பிட்டுக்கு என்ன அர்த்தம் என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்தது, அதில் பாதி உங்கள் இருவருக்கும் ஞாபகம் இருக்காது. பிட் முறைகளில் ஐந்து சீட்டு மேஜர், 15-17 நோ டிரம்ப், ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட். இது போதும். எதிராளி நடுவில் புகுந்து பிட் செய்தால் இவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள். புதிய கன்வென்ஷன் ஒன்றைப் படிப்பதைவிட அந்த ஒரு சாயங்காலம் பெரிது.

எந்தக் குழப்பம் வந்தாலும் கையைத் தூக்கி டைரக்டரைக் கூப்பிடுங்கள். இது புகார் இல்லை, எதிராளியை அவமானப்படுத்துவதும் இல்லை. நம்மவர்களுக்கு இதில்தான் கூச்சம் அதிகம். பெரியவர் ஒருவர் "அதெல்லாம் வேண்டாம், சீட்டை எடுத்துக்குங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னாலும் கூப்பிடுங்கள், மேஜையில் இருக்கிற யாருக்கும் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை.

போட்டி விவரம். நாடு முழுவதற்கும் பிரிட்ஜ் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா காலண்டர் போடுகிறது. கோடைக்கால தேசியப் போட்டி, ரூயா கோப்பைக்கான குளிர்கால தேசியப் போட்டி எல்லாம் அதில் வரும், பெயரை வைத்து மாதத்தை ஊகிக்காமல் தேதியைப் பாருங்கள். மாநில அளவில் தமிழ்நாடு பிரிட்ஜ் சங்கத்தைக் கேளுங்கள். ஆனால் உள்ளூர்ப் போட்டிச் செய்தி முதலில் சுற்றுவது ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான், உங்களை அழைத்த இருவரிடம் அதில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

பிராஸ்பெக்டஸ் (போட்டி அறிவிப்பு) வந்ததும் பரிசுத் தொகையை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். ஸ்கோரிங் மேட்ச் பாயிண்டா (மேலே பேர்ஸில் சொன்ன 2, 1 கணக்கு) இம்ப்பா, ஏனென்றால் பேர்ஸ் என்று போட்டிருந்தாலும் சில இடத்தில் இம்ப்பில் கணக்கு வைப்பார்கள், மேலே சொன்ன ஃபினெஸ் கதையே மாறிவிடும். ஒரு செஷனுக்கு எத்தனை போர்டு என்று பாருங்கள்: போர்டுக்கு ஏழெட்டு நிமிடம் வைத்தால் 24 போர்டுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும், ஒரு நாளில் இரண்டு செஷன் என்றால் முதுகு என்ன சொல்லும் என்று யோசியுங்கள். டீம்ஸில் வெளியேறியவர்கள் அடுத்த நாள் பேர்ஸில் சேரலாமா என்பதும் அதில்தான் இருக்கும். கட்டணம் கட்டக் கடைசி நாள், பெயர்ப் பதிவு ஏதாவது கேட்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஏதாவது கிளப்பில் இரண்டு சாயங்காலமாவது மேஜையில் ஆடிவிடுங்கள், அன்று ஜெயிக்கிறீர்களா என்பது பொருட்டில்லை, அட்டையை எடுத்து வைக்கவும் லீடைக் கவிழ்க்கவும் கை பழக வேண்டும். போட்டியன்று மொபைலை அணைத்து வைக்கச் சொல்வார்கள், அதனால் வாசிப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். போர்டு நம்பரும் வல்னரபிலிட்டியும் பார்க்க, மொபைல் திரையில் செய்வது போல இரண்டு விரலால் பெரிதாக்க முடியாது.