பாவம் மன்னிக்கப்பட்டது, பணம்?

கேள்வி: வேலை பார்த்த கடையின் கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 40,000 ரூபாய் எடுத்தேன். பழி உடன் வேலை பார்த்தவர்மேல் விழுந்து அவர் வேலையும் போய்விட்டது. தவக்காலத்தில் குருவானவரிடம் களவைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, அவர் பரிகாரமாக விதித்த அபராதச் செபங்களையும் முடித்துவிட்டேன். பணத்தையும் திருப்பித் தர வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கட்டாயம் தர வேண்டும். அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை கடைக்காரருக்குத்தான் உண்டு, குருவானவருக்கு இல்லை. அபராதச் செபம் அதற்கு ஈடாகாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1459, செய்த தீங்கை முடிந்தவரை சரிசெய்யச் சொல்லிவிட்டு, திருடிய பொருளைத் திருப்பித் தருவதைத்தான் முதல் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது.

'திருப்பித் தரமாட்டேன்' என்ற முடிவோடு சங்கீர்த்தனம் செய்திருந்தால் பிரதிக்கினையே, அதாவது திருந்தி நடப்பேன் என்ற உறுதியே, இல்லை. பாவப் பொறுத்தலும் பலிக்காது. கடமை என்று தெரியாமல் விட்டிருந்தால் சங்கீர்த்தனம் செல்லும். ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே!

விவிலியத்தின் எண்ணிக்கை நூல் 5:7 முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறது. உங்கள் கணக்கில் 48,000. அந்தக் கூடுதல் இன்று நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனாலும் உங்கள் களவால் கடைக்காரருக்கு வேறு நட்டம் வந்திருந்தால் அதையும் ஈடுகட்ட வேண்டும். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். குருவானவரிடம் கேட்டுக்கொண்டால் அவர் வழியாகவே சேர்ப்பிக்கலாம். சங்கீர்த்தனத்தில் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற சங்கீர்த்தன இரகசியம் அவரைக் கட்டுகிறது. கடைக்காரர் இறந்திருந்தால் வாரிசுகளுக்குத் தர வேண்டும். கோயில் உண்டியலில் போட்டுவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். உரியவர் யாரென்றே தெரியாதபோதுதான் ஏழைகளுக்குக் கொடுப்பது வழி.

வேலை இழந்தவரைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரே வரிதான் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அவர் பழி சுமக்க நீங்கள் பேசாமல் இருந்தது தனிப் பாவம். அடுத்த சங்கீர்த்தனத்தில் அதைத் தனியாகச் சொல்லுங்கள். கெடுத்த பெயரை மீட்டுத் தருவதையும் அதே 1459 சொல்கிறது. 'பணத்தை எடுத்தவர் அவரல்ல' என்று கடைக்காரருக்கு எழுதுங்கள். கையெழுத்தில்லாத கடிதத்தை அவர் நம்பாவிட்டால் உங்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். வேலையில்லாமல் போன மாதங்களின் சம்பளத்துக்கும் நீங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து. தொகையைக் குருவானவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கடிதத்தை மட்டும் முதல் தவணைப் பணத்துக்காக நிறுத்தி வைக்காதீர்கள். இந்த வாரமே போகட்டும்.