முதல் பாடவேளை உங்களுடையது

கேள்வி: ஜூனில் பதவி உயர்வில் நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தேன். எட்டாம் வகுப்புக் கணக்கும் என் பொறுப்பு. எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, சத்துணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரம் என்றே பொழுது போகிறது. வாரத்தில் இரண்டு நாள்கூட வகுப்புக்குப் போக முடியவில்லை. எதை முதலில் பார்ப்பது?

பதில்: வகுப்பைத்தான். நானும் பதினோரு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவள். என் பாடவேளையை மதியத்துக்கு மேல் வைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் போன் வரும், பெற்றோர் வருவார்கள், பாடம் போய்விடும். இறைவணக்கக் கூட்டம் முடிந்த கையோடு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்துவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளி அப்படிப்பட்டதாக இருந்தாலும் அந்த ஒரு வகுப்பை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு நாள் 'உடனடி' என்று கேட்ட படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். நிமிராமலே "அப்புறம் வா" என்றேன். இரண்டு வாரம் கழித்து, ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் அந்த வகுப்புக்குப் போனேன். கரும்பலகையைப் பார்க்காமல், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். அதன்பின் வாசலில் பிள்ளை நின்றால் பேனாவை மூடிவிடுவேன்.

படிவங்களுக்கு ஒரு வழி உண்டு. கேட்பதெல்லாம் பெரும்பாலும் அதே எண்கள்தான்: ஆண், பெண், வகுப்புவாரி, இனவாரி, கழிப்பறை எத்தனை. ஒரு நீள நோட்டில் மாதம் பிறந்ததும் இவற்றை எழுதி வையுங்கள். யார் கேட்டாலும் பார்த்து எழுதப் பத்து நிமிடம் போதும். மாலை மூன்றரைக்கு மேல் எல்லாவற்றுக்கும் சேர்த்து உட்காருங்கள்.

சாப்பிடுவோர் எண்ணிக்கையைச் சத்துணவு அமைப்பாளரிடம் சொல்ல ஓர் ஆசிரியரை நியமியுங்கள். ஆனால் பரிமாறுவதற்கு முன் ருசி பார்ப்பது நீங்களாகவே இருங்கள். உப்பும் வேக்காடும் ஒரு வாயில் தெரிந்துவிடும்.

சரி, நாளைக்கே வகுப்புத் தலைவியிடம் சொல்லி வையுங்கள்: மணி அடித்து ஐந்து நிமிடத்தில் டீச்சர் வரவில்லையென்றால் அறைக்கு வந்து கூப்பிட வேண்டும் என்று. கூப்பிட்டதும் எழுந்து போய்விடுங்கள்.