மலைப்பாதையில் மண் சரிந்த இடத்தைச் சரிசெய்த பிறகும் அதே இடம் ஏன் மறுபடி மறுபடி சரிகிறது?

மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையைச் சொல்லி, "ஒவ்வொரு மழைக்கும் அதே வளைவில் ஜேசிபி நிற்கிறது, வேலையை ஒழுங்காகச் செய்வதே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீலகிரியில் சாலை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் பதினேழு வருடம் சைட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். சரிந்த இடங்களில் தடுப்புச் சுவர் கட்டுவதுதான் பெரும்பாலும் என் வேலை. பல இடங்களில் மண்ணை அள்ளிவிட்டுத் தண்ணீரை அப்படியே விட்டுவிடுகிறோம். அதே இடம் மறுபடி சரிவதற்கு முதல் காரணம் அதுதான்.

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. அது காலங்காலமாக மக்கி மேலே செம்மண்ணாகவும், அதற்கும் பாறைக்கும் நடுவே கையில் எடுத்தால் சோப்பு மாதிரி வழுக்குகிற களிமண்ணாகவும் மாறியிருக்கிறது. கோடையில் இந்த மண்ணை நேராக வெட்டினாலும் சுவர் போல நிற்கும். மழை இறங்கினால் கதை வேறு. மண்ணுக்குள் தேங்குகிற ஒவ்வொரு கன மீட்டர் தண்ணீரும் ஒரு டன் எடை. அந்த எடையும் சேர்ந்து மண்ணை உள்ளிருந்து தள்ளும்போது, அடியில் இருக்கும் களிமண் பிடியை விட்டுவிடும்.

1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை இறங்கி இந்த நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையே கொண்டுபோனது. 2009 நவம்பர் 10 அன்று குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள கேத்தியில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 820 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல்! அந்த சில நாட்களில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு மழைக்கு எந்தச் சுவரும் உத்தரவாதம் தராது. ஆனால் நீங்கள் பார்க்கிற சரிவுகளில் பல, சாதாரண மழைக்கே வருபவை. அவற்றைத் தடுக்க முடியும்.

நான் நின்று கட்டிய ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கிராமச் சாலை, மலைப்பக்கம் நாலு மீட்டர் உயரம். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும், தண்ணீர் வெளியேற வரிசையாகக் குழாய் வைக்க வேண்டும். குழாய் வைத்தோம். ஜல்லி லோடு வரத் தாமதமானது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், சரிந்து கிடந்த அதே மண்ணையே பின்னால் போட்டு மூடினோம். நானும் சரி என்றேன். அடுத்த ஐப்பசியில் போய்ப் பார்த்தபோது மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, குழாய் ஒன்றில்கூட ஒரு சொட்டு வரவில்லை. எல்லாம் களிமண்ணால் அடைத்திருந்தது. சுவர் வயிறு தள்ளி நின்றது. மூன்றாம் நாள் விழுந்தது. பள்ளிக்கூட வேன் போகிற சாலை அது. நல்லவேளை, விழுந்தது நள்ளிரவில். அன்றிலிருந்து எந்தச் சுவரைக் கடந்தாலும் முதலில் குழாய் வாயைத்தான் பார்க்கிறேன். மழைக்காலத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் நிம்மதி.

சரிசெய்வது என்றால் வேலை சரிவுக்கு மேலிருந்து தொடங்க வேண்டும். மேலே தோட்டத்திலிருந்தோ வீடுகளிலிருந்தோ வரும் தண்ணீரைச் சரிவின் தலைக்கு மேலேயே மடக்கி ஒரு வாய்க்காலில் விட்டு, இயற்கையான ஓடைவரை கொண்டுசேர்க்க வேண்டும். சாலையோர வடிகாலும், சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் சிறுபாலமும் மழைக்கு முன்பே தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். சிறுபாலம் ஒன்று அடைத்தால் தண்ணீர் சாலையைத் தாண்டிப் பள்ளப்பக்கத்து மண்ணை அறுக்கும். பிறகு நூறு மீட்டர் தள்ளி சாலையே உட்காரும். காரணம் எங்கோ, சேதம் வேறெங்கோ.

இன்னொரு தவறு, அள்ளிய மண்ணை அப்படியே பள்ளத்தில் தள்ளுவது. கொண்டை ஊசி வளைவுப் பாதையில் கீழே இருப்பது அதே சாலையின் அடுத்த சுற்று! தள்ளிய மண் ஓடையை அடைத்து, அடுத்த மழைக்கு அங்கே இறங்குகிறது. லாரி வாடகை மிச்சம் என்று செய்கிறார்கள். இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

சரிவின் அடியில் கிடக்கும் மண்ணை ஒரே மூச்சில் வாரக்கூடாது. மேலே உள்ளதைத் தாங்கிக்கொண்டிருப்பதே அதுதான். துண்டு துண்டாக எடுக்க வேண்டும். ஜேசிபி வேலை செய்யும்போது மேலே பார்த்துக்கொண்டு, விசிலோடு ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக்கூடாது.

இப்போது நீலகிரியில் சில இடங்களில் மண்ணுக்குள் துளையிட்டு இரும்புக் கம்பிகளைச் செருகி, சிமெண்ட் கலவை செலுத்தி, மேலே வலை போர்த்திப் புல் வளர்க்கிறார்கள். செங்குத்தாக வெட்டிய சரிவுக்கு நல்ல முறை. ஆனால் அதிலும் தண்ணீர் வெளியேற வழி வைக்காவிட்டால் பயன் குறைவு.

பாதுகாப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். சரிந்த இடத்தில் பாதிச் சாலையில் வண்டி விடும் நாட்கள்தான் ஆபத்தானவை. மூடுபனியில் நாலு மணல் மூட்டையும் ஒரு சிவப்புத் துணியும் யார் கண்ணில் படும்? ஒளிரும் பட்டை ஒட்டிய தடுப்பு, இரண்டு முனையிலும் ஆள், வளைவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை, இவை இல்லாமல் இரவில் திறக்கவே கூடாது. மலைப்பக்க வடிகால் ஆழமான பள்ளமாக இருந்தால், ஒதுங்குகிற பஸ்ஸின் சக்கரம் அதற்குள் இறங்கும். தட்டு மாதிரி அகலமாக, ஆழம் குறைவாகக் கட்டினால் தண்ணீரும் போகும், வண்டியும் ஒதுங்கலாம். புதிதாகப் போட்ட வழவழப்பான தாரில் வேகம் கூடும் என்பதால் பள்ளப்பக்கத்து இரும்புத் தடுப்பைத் தார் போடுவதற்கு முன்பே நட வேண்டும். பல இடங்களில் அது கடைசி வேலையாகி, நடப்படாமலே போகிறது.

நீங்கள் தினமும் போகிறவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். தாரில் பள்ளப்பக்கமாகப் பிறை வடிவத்தில் விரிசல் தெரிந்தால், அது குண்டும் குழியும் அல்ல, சாலையின் அந்தத் துண்டு கழன்று வருகிறது. விரிசலில் தார் ஊற்றினால் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். மலைப்பக்கம் மரங்கள் புதிதாகச் சாய்ந்திருந்தாலும், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று சேறாக வந்தாலும் அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். தாண்டிப் போய் 1077க்குச் சொல்லுங்கள், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை அது. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அந்தப் பெரிய வளைவுக்குக் கொஞ்சம் கீழே" என்று சொன்னால், மழை இரவில் டார்ச்சோடு வருகிறவர் எந்த வளைவு என்று தேடுவார்?