வாங்கியை அகற்றுவது யார்?

வணக்கம்.

திருகோணமலை உவர்மலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணியைக் கலச்சவ்வில் நின்று பிடிக்கும் புரதமான வாங்கி (receptor) விகாரமடைந்தால் ஆக்சிலேட்டர் இறுகிய வாகனம் மாதிரி கலம் பெருகும் என்று சொன்னேன். "வாங்கியில் பிழை இல்லை, காரணியும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் புற்றுநோய் வராதா சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்னொன்று: சிகிச்சையில் இருக்கும் என் மாமியிடம், புரதம் புற்றுநோயை வளர்க்கும், மீனையும் முட்டையையும் நிறுத்துங்கள் என்று அயலில் சொல்கிறார்கள். உண்மையா?

— ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும். வாங்கி எப்படி முடுக்கப்படுகிறது என்று விரிவாகப் படிப்பிக்கிறோம். வேலை முடிந்த வாங்கி எங்கே போகிறது என்பதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். மாணவி கைவைத்தது அங்கேதான்.

ஈஜிஎஃப் என்ற காரணி ஒட்டியதும் வாங்கிகள் சோடி சேர்ந்து, ஒன்றின் வாலிலுள்ள தைரோசின் என்ற அமினோ அமிலங்களில் மற்றது பொசுபேற்றை ஏற்றும். அங்கே வந்து கூடும் புரதங்கள் ராஸ் என்ற புரதத்தின் வழியாகக் கலத்தின் கருவுக்குச் செய்தி அனுப்புகின்றன. அதே பொசுபேற்றைப் பிடித்துக்கொண்டு சிபிஎல் என்ற புரதமும் வரும். அதன் வேலை, 76 அமினோ அமிலங்களே கொண்ட யுபிகுயிட்டின் என்ற சிறு புரதத்தை வாங்கியில் ஒட்டிவிடுவது. வாங்கி உள்ளே இழுக்கப்பட்டு எண்டோசோம் என்ற சிறு பைக்குப் போகிறது. யுபிகுயிட்டின் ஒட்டியிருந்தால் எஸ்கார்ட் என்ற புரதத் தொகுதி அதைப் பிரித்து, கலத்தின் சமிபாட்டுப் பையான லைசோசோமுக்கு அனுப்பும், அங்கே சிதைந்துபோகும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் சவ்வுக்கே திரும்பிவிடும். முடுக்குகிற அடையாளமே அகற்றுகிறவரையும் கூப்பிடுகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி மெட் என்ற வாங்கியைப் பாருங்கள். அதன் மரபணுவில் 14ஆவது எக்சோன் (புரதத்துக்கான குறியீட்டுத் துண்டு) விடுபட்டுப்போனால் 47 அமினோ அமிலங்கள் குறையும். பொசுபேற்றை ஏற்றும் நொதியாக இயங்கும் பகுதிக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் சிபிஎல் பிடிக்க வேண்டிய 1003ஆவது தைரோசின் அந்த 47க்குள்தான் இருக்கிறது. பிடி கிடைக்காததால் வாங்கி சிதையாமல் நெடுநேரம் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சிறுகலமல்லாத நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தில் இந்த மாற்றம் காணப்படுகிறது. மெட்டின் நொதியை அடக்கும் கப்மாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது.

"அதுவும் வாங்கியின் பிழைதானே சேர்" என்று அவள் மடக்கக்கூடும். மடக்கட்டும். சிறுவர்களுக்கு வரும் ஜேஎம்எம்எல் என்ற அரிய இரத்தப் புற்றுநோயில், சிலருக்குச் சிபிஎல் மரபணுவே விகாரமடைந்திருக்கும். வாங்கிகளில் குறையே இல்லை, அகற்றுகிற புரதம்தான் கெட்டுப்போனது.

சரி, மாமியின் விஷயம். மீனை நிறுத்த வேண்டாம். சாப்பிடும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் இரத்தத்துக்கு வருகிறது. மீனின் புரதம் அப்படியே போய்க் கலச்சவ்வில் வாங்கியாக உட்காருவதில்லை. சிகிச்சைக் காலத்தில் தசை கரையும். அந்த நேரத்தில் புரதத்தையும் குறைத்தால் மருந்தைத் தாங்கும் வலுவும் குறையும். சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு காரணத்துக்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி கொடுங்கள். முட்டையை அரைவேக்காடாக இல்லாமல் நன்றாக அவிக்க வேண்டும். கீமோ நடக்கிற நாட்களில் உடம்பு தொற்றைத் தாங்காது.