‘சாப்பிட்டியா கண்ணு?’வுக்கு அப்புறம் என்ன பேசுவது? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாசம் இல்லாத கடிதம் ஒன்றுகூட இல்லை. இருப்பதை வாய்க்குக் கொண்டுவரத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை. பெற்ற பிள்ளையையே ‘வாங்க சாமி, உட்காருங்க’ என்று கூப்பிடுகிற ஊர் நம்முடையது, பேச்சில் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது, ஆனால் ‘நீ அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது’ என்று சொல்வதற்கு நம் வீடுகளில் பழக்கம் இல்லாமல் போய்விட்டது. ஈரோட்டில் 18 வருஷமாக ஆலோசகராக உட்கார்ந்து கேட்டதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று: நமக்கு எது முக்கியமோ அதில் கை படும்போதுதான் வலிக்கும். அதனால் வலியைச் சொல்லக் கற்றுக்கொள்வதும், எனக்கு எது முக்கியம் என்று கண்டுபிடிப்பதும் ஒரே வேலைதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 34, பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் நேரத்தில் வீடு வர ராத்திரி பத்தாகிவிடும். சம்பளம் நல்லா வருது, வீட்டுக் கடன் பாதி முடிஞ்சுது. ஆனா எதுக்கு ஓடறேன்னு தெரியலீங்க. ‘உனக்கு என்னதான் வேணும்’னு வீட்டுக்காரர் கேட்டா பதில் வரமாட்டேங்குது. – வாசகி, திருப்பூர்

அந்தக் கேள்விக்கு உடனே பதில் வராதது தப்பே இல்லை அம்மிணி. ‘என்ன வேணும்’ என்று கேட்டால் மனது வீடு, கார், புரமோஷன் என்று பட்டியல் போடும், அதெல்லாம் ஒரு நாள் கிடைத்து முடிந்துபோகிற விஷயங்கள். கடன் அடைப்பது முடியும். பிள்ளை பேசும்போது காது கொடுப்பது, கையில் எடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்வது, இதெல்லாம் முடியாது, இருக்கிற வரைக்கும் செய்துகொண்டே இருக்கலாம். ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சை முறையில் இந்த வித்தியாசத்துக்குத்தான் பெரிய இடம்: ஒன்று போய்ச் சேரும் இடம், இன்னொன்று நடக்கிற திசை. உங்களுக்கு முதலாவது நிறைய இருக்கிறது, இரண்டாவதைப் பார்க்கத்தான் நேரமே கிடைக்கவில்லை.

உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, நடந்ததிலிருந்துதான் எடுக்க முடியும். ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம், படுக்கும் முன் இரண்டே வரி: இன்றைக்கு எந்த நேரத்தில் ‘இதுதான் நான்’ என்று இருந்தது, எந்த நேரத்தில் ‘இது நானே இல்லை’ என்று இருந்தது. உங்களைப் போலவே ஒரு கம்பெனியிலிருந்து வந்த பெண் ஒருவர் முதல் வாரம் முழுக்க ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்றே எழுதிக்கொண்டு வந்தார். எட்டாம் நாள் இருந்த வரி: ‘செக்கிங் பிரிவில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு பேங்க் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தேன், பத்து நிமிஷம். ஒன்றரை ஷிப்ட் பார்த்த களைப்பே தெரியவில்லை.’ அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாதம் பேசினோம். அவர் வேலையை விடவில்லை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தை அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கினார், முகத்தில் தெளிவு வந்தது.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. ‘இது எனக்கு முக்கியம்’ என்று ஏதாவது தோன்றினால், அது யார் குரலில் கேட்கிறது என்று பாருங்கள். அம்மா குரலா, மாமியார் குரலா, வாட்ஸாப்பில் புது வீட்டுப் படம் போட்ட சித்தி மகள் குரலா? யாருக்குமே தெரியாது, யாரும் பாராட்டப் போவதில்லை என்றாலும் இதைச் செய்வேனா? ஆமாம் என்றால் அது உங்களுடையது.

மனது ரொம்பக் குழம்பியிருந்தால் முதலில் அதைக் கொட்டிவிடுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை ஒரு நாளைக்கு 15 நிமிஷம், நான்கு நாள், மனதை அழுத்துவதை எழுதச் சொன்னார். எழுதுகிற அன்று மனது கனத்தது, ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, கிழித்துப் போடலாம். வீட்டுக்காரருக்கு இப்போதைக்கு இந்தப் பதில் போதும்: ‘இன்னும் எனக்கே தெரியலீங்க, தேடிட்டு இருக்கேன், அதுவரைக்கும் கேட்டுட்டே இருங்க.’ இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலுமே பிடிப்பில்லாமல் இருந்தால் நோட்டோடு நிறுத்தாதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

தங்கச்சி மகளுக்கு தெரட்டி சீர் (வயசுக்கு வந்த சடங்கு) வருது. அஞ்சு பவுன் எதிர்பார்க்கிறாங்க. போன வருஷம்தான் என் பையன் காலேஜுக்குக் கடன் வாங்கினேன். தங்கச்சி போன் பண்ணினா எடுக்கவே பயமா இருக்கு. – வாசகர், முத்தூர் பக்கம்

உங்களுக்குள்ளே அடித்துக்கொள்வது நல்லதும் கெட்டதும் இல்லை, இரண்டு நல்லது. தங்கச்சி சபையில் தலை நிமிர்ந்து நிற்கணும், பையன் தலையில் கடன் ஏறக்கூடாது. இரண்டுமே உங்களுக்கு உயிரான விஷயம் என்பதால்தான் போனைக் கண்டாலே நெஞ்சு அடைக்கிறது.

தாய்மாமன் சீர் எதற்கு என்று கொஞ்சம் பின்னால் போய் யோசியுங்கள். ‘உன் பிள்ளைக்குப் பின்னால் நான் நிற்கிறேன்’ என்று ஊர் பார்க்கச் சொல்வதுதான் அதன் உயிர், பவுன் அதன் மேல் ஏறிய கணக்கு. உயிரை வைத்துக்கொண்டு கணக்கைக் குறைக்கலாம். ஆனால் அதைச் சீர் நடக்கிற அன்றைக்குத் தட்டில் வைத்துச் சொல்லாதீர்கள், இப்போதே நேரில் போய், மாப்பிள்ளை இல்லாத நேரமாக, தங்கச்சியிடம் மட்டும் சொல்லுங்கள். ‘நீ சபையில குறைஞ்சு நிக்கக் கூடாதுன்னுதான் கண்ணு எனக்கு ஒரு மாசமா தூக்கமில்ல. என்னால ஒரு பவுன்தான் முடியும். மத்தபடி தட்டு வரிசை, பந்தல் வேலை, சமையல், எல்லாத்துக்கும் முதல் ஆளா நான் நிப்பேன்.’ தொகையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ‘பார்க்கலாம்’ என்று இழுத்தால் அவர் ஐந்தையே எதிர்பார்த்திருப்பார். ‘வீட்ல ஒத்துக்கல’ என்று மட்டும் உங்கள் மனைவி மேல் போடாதீர்கள், நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவே அது பல வருஷத்துக்கு ஆறாமல் கிடக்கும். தங்கச்சி முகம் சுருங்கத்தான் செய்யும், அழவும் செய்யலாம். அந்த நேரத்தில் பயந்துபோய் ‘சரி சரி, மூணு பவுனாப் போடறேன்’ என்று சொல்லாமல், ‘உனக்கு வருத்தமா இருக்கும், தெரியும்’ என்று சொல்லிவிட்டுக் கூடவே உட்கார்ந்திருங்கள்.

எதாவது சொன்னா வீட்டுக்காரர் உடனே எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிடறார். அப்புறம் ரெண்டு நாள் பேச்சே இல்லை. போன மாசம் நங்கையா (நாத்தனார்) வந்திருந்தப்ப எல்லார் முன்னாடியும் என் சமையலைக் குறை சொன்னார், அதைப் பத்திக் கேட்டதுக்கும் இதே கதைதான். – வாசகி, கோபி

முதலில் அவர் எழுந்து போவதைப் பற்றி. ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் தம்பதிகளை ஆய்வகத்தில் உட்காரவைத்து, சண்டைக்குரிய விஷயத்தைப் பேசச் சொல்லி, நாடித் துடிப்பை அளந்தார்கள். துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் சரியாக ஏறுவதே இல்லை என்றும், உடம்பு பழைய நிலைக்கு வரக் குறைந்தது 20 நிமிஷமாவது வேண்டும் என்றும் காட்மன் சொல்கிறார். வெளியே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு உள்ளே நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே எழுந்து போவது உங்களை அலட்சியப்படுத்துவதற்காக மட்டும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆனால் 20 நிமிஷம் வேறு, இரண்டு நாள் வேறு. இரண்டு நாள் பேசாமல் இருப்பது உங்களுக்குத் தண்டனையாகத்தான் வந்து சேர்கிறது, அதை அவரிடம் சொல்லியே ஆகணும். சண்டை இல்லாத ஒரு நாளில், அவர் தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் பார்த்துவிட்டு வந்து கை கால் கழுவிச் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரு ஒப்பந்தம் மாதிரி பேசுங்கள்: ‘கோபம் வந்தா நீங்க எந்திரிச்சுப் போங்க, நான் தடுக்கல. போகும்போது எப்ப வருவீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. வந்து பேசணும்.’

அப்புறம், நீங்கள் எப்படி ஆரம்பிக்கிறீர்கள் என்பது. உங்கள் கடிதத்திலேயே ‘அவர் என்னை மதிக்கலன்னு தோணுது’ என்று இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம் பேச்சில் ‘தோணுது’ என்று முடித்தால் மனதில் உள்ளதைச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் அது உங்கள் மனநிலை இல்லை, அவரைப் பற்றிய தீர்ப்பு, கேட்கிறவர் உடனே வாதாடத்தான் வருவார். உங்களுக்குள் என்ன இருந்தது? அவமானமா, ஏக்கமா, தனியாக நிற்கிற பயமா? அதைச் சொன்னால் யாராலும் ‘இல்லை’ என்று மறுக்க முடியாது. மார்ஷல் ரோசன்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் கற்றுக்கொடுத்த வரிசை எனக்கு ரொம்பப் பயன்பட்டிருக்கிறது: நடந்தது, மனதுக்குப் பட்டது, எனக்கு முக்கியமானது, கேட்பது. உங்கள் விஷயத்தில் இப்படி வரும்: ‘ஏனுங்க, அன்னைக்கு நங்கையா முன்னாடி குழம்பு சரியில்லைன்னு சொன்னீங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு. இந்த வீட்ல நீங்க என் பக்கம் இருக்கீங்கங்கறதுதான் எனக்குப் பெருசு. குறை இருந்தா தனியாச் சொல்றீங்களா?’ நான்கே வரிதான், ஆனால் முதல் தடவை சொல்லும்போது தொண்டை அடைக்கும். கண்ணாடி முன் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், நான் நிஜமாகவே சொல்கிறேன். ‘நீங்க எப்பவுமே’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அந்த வார்த்தைக்கே அவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

பேச ஆரம்பிச்சாலே அழுகை வந்துடுது. ‘நாடகம் போடறா’ன்னு சொல்றாங்க. – வாசகி, கரூர்

நாடகம் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதில் அழுகைக்கு நான்கு காரணம் கொடுத்திருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வருவது, இழந்ததால் வருவது, முன்பிருந்த நிலை கெட்டதால் வருவது, இல்லாமையால் வருவது. அழுகை வரும்போது இந்த நான்கில் எது என்று உங்களையே கேளுங்கள். பல பெண்களுக்கு அது முதலாவதாக இருப்பதைப் பார்க்கிறேன். உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிகிறது என்று மாத்யூ லீபர்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2007இல் ஸ்கேன் எடுத்துக் காட்டியது. ‘எனக்கு அழுகை வரும், வரட்டும், நான் சொல்ல வந்ததை முடிச்சுடறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கோபத்துல ரெண்டு தடவை கை நீட்டிட்டார். நான் பேசற விதத்தை மாத்திக்கிட்டா சரியாகுமா? – பெயர், ஊர் வேண்டாம்

ஆகாது. மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. அடிப்பது உங்கள் பேச்சின் குறை கிடையாது. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அதே வீட்டில் இருக்கும் உரிமையும் பாதுகாப்பு ஆணை கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

வயது 56, எட்டுத் தறி ஓட்டறேன். மகள் பெங்களூர்ல வேலை. போன் வந்தா அவளும் ‘சாப்டீங்களாப்பா’, நானும் ‘சாப்ட்டேன், நீ சாப்பிட்டியா கண்ணு’, அதோட அம்மாகிட்டப் போயிடும். போன வாரம் கல்யாணப் பேச்சு எடுத்தப்ப ‘உங்களுக்கு என்னைப் பத்தி என்னப்பா தெரியும்’னு கேட்டுட்டா. தூக்கம் வரலீங்க. – வாசகர், சென்னிமலை

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மகள் உங்களைத் திட்டவில்லை, என்னைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அப்பா தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை விட்டுப்போன பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்காது.

‘சாப்பிட்டியா’வைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், நம் ஊரில் அதற்குள் பாசம் முழுக்க இருக்கிறது. அதை விட வேண்டாம், அதற்கு அப்புறம் ஒரு வரி சேருங்கள். எட்டுத் தறியும் சேர்ந்து ஓடுகிற சத்தத்தில் எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று நீங்கள் தலை திருப்பாமலேயே கண்டுபிடிப்பீர்கள், கரண்ட் போய்த் தறி நின்றால் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவீர்கள். அந்தக் காதுக்கு மகள் குரல் மாறுவது தெரியாமலா இருக்கும்? தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘குரல் ஒரு மாதிரி இருக்குதே கண்ணு.’ சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள், அவள் பக்கம் எவ்வளவு நேரமானாலும். காரணம் சொன்னால் உடனே வழி சொல்ல ஆரம்பிக்காதீர்கள்.

அவள் கேட்ட கேள்விக்கும் பதில் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாத நேரமாகப் பார்த்து நீங்களே கூப்பிடுங்கள். ‘நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல கண்ணு. தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. மாப்பிள்ளை பாக்கறதுக்கு முன்னாடி உனக்கு எது முக்கியம்னு சொல்றியா, நான் கேட்டுக்கறேன்.’ அவள் அழ ஆரம்பித்தால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.